மௌனத்தில் போன 8 வீதம்

வியாபாரத்தில் நட்டப்பட்ட கதையை யாரும் விரும்பிச் சொல்வதில்லை. ஆனாலும் இந்த வாரம் என்னுடைய நட்டம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நட்டத்தால் எனக்குக் கிடைத்தது பின்லாந்து மொழியின் மரபுத்தொடர் ஒன்று.

சில வருடங்களுக்கு முன்னர் கறுவா வாங்குவதற்காக பின்லாந்திலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்திருந்தார். ஆளுக்கு அதிகமாகக் கோப்பி குடிப்பதில் உலகில் முன்னணியில் நிற்பவர்கள் அந்நாட்டவர்கள். கோப்பியோடு அவர்கள் சாப்பிடும் கறுவா பணிஸின் பெயர் 'கோர்வபூஸ்தி'. 'காதில் விடும் அறை' என்று அதற்கு அர்த்தமாம். எனக்கும் அப்படியொரு அறை விழப்போவது அன்று தெரியாது.

ஹோட்டல் மேசையில் அல்பா, சீ-5 மாதிரிகளைப் பரப்பி வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினேன். மணத்தைச் சொன்னேன். மெல்லிய சுருளைக் காட்டினேன். 'கசியா' பட்டையில் இருப்பதைப் போல நமது கறுவாவில் கூமரின் அதிகமில்லை என்பதையும் விளக்கினேன். கால் மணித்தியாலம் பேசி விலையையும் சொல்லி முடித்தேன். மனிதர் வாய் திறக்கவில்லை. பட்டையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

விலை கூடிவிட்டதென்று நினைத்து, "5 வீதம் குறைக்கலாம்" என்றேன். அதற்கும் பதில் இல்லை. "சரி, உங்களுக்காக இன்னும் 3 வீதம்" என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லது" என்றார்.

தம்பெரெ நகரில் படிக்கும் என் தங்கையின் மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "மாமா, அவர் யோசித்துக் கொண்டிருந்திருக்கிறார். இங்கே ஒருவர் பேசி முடித்ததும் கொஞ்சம் சும்மா இருப்பதுதான் மரியாதை. அவர் விலை கேட்கவேயில்லையே, நீங்கள்தானே இரண்டு முறை குறைத்தீர்கள்?"

பிறகு அவன் சொல்லித் தந்ததுதான் 'ஒத்தி யுலெய்சொன்சா' என்ற தொடர். 'ஒத்தி' என்றதும் காணியை ஒத்திக்கு வைப்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்களிடம் அதற்கு 'எடுத்தார்' என்று பொருள். முழுத் தொடரின் பொருள் 'தன்னுடைய சபையை எடுத்துக் கொண்டார்' என்பதாகும். மேடையேறிய பாடகரோ பேச்சாளரோ கூட்டத்தை முழுதாகத் தன்வசப்படுத்திவிட்டால் அப்படிச் சொல்வார்களாம்.

நாமோ 'சபையைக் கட்டிப்போட்டார்' என்கிறோம். கட்டிப்போடுவதற்குக் கயிறு வேண்டும். நமது வியாபாரிகள் பலர் பேச்சையே கயிறாக நினைக்கிறோம். பின்லாந்து மொழியும் தமிழைப் போலவே சொல்லின் கடைசியில் விகுதி சேர்க்கும் மொழி. அந்தத் தொடரின் கடைசியில் வரும் 'ன்சா' என்பதற்கு 'தன்னுடைய' என்று அர்த்தம். யாரோ ஒரு சபையை அல்ல, தன்னுடைய சபையை என்கிறார்கள். முன்னால் இருப்பவர் யார், எப்படிக் கேட்பவர் என்று தெரியாதவனுக்கு எதை எடுக்க முடியும்?

இதற்கு நல்ல உதாரணத்தை அந்நாட்டுக் கம்பனி ஒன்றே நமக்குக் காட்டியது. 2003ஆம் ஆண்டு நோக்கியா 1100 வந்தது. நமது பஸாரில் அது இல்லாத சட்டைப்பை குறைவு. தூசு போகாத விசைப்பலகை, கையில் வழுக்காத ஓரம், கரண்ட் போனால் டோர்ச் லைட். நம்மைப் போன்ற நாட்டவரின் அன்றாட வாழ்வைப் பார்த்துச் செய்த தொலைபேசி அது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையானது. அதே கம்பனி, 2007இல் ஐபோன் வந்தபின் மக்களின் விருப்பம் மாறிய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2014 ஏப்ரலில் கையடக்கத் தொலைபேசிப் பிரிவையே மைக்ரோசொஃப்டுக்கு விற்றுவிட்டது. ஒருமுறை எடுத்த சபை என்றைக்கும் நம்முடையதாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இன்னொரு பழமொழியும் அங்கே உண்டு: 'ஓமா கெஹு ஹைசே'. சொந்தப் புகழ்ச்சி நாறும் என்பது பொருள். நமது விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் எல்லோரும் நம்பர் வன் தான்! எல்லோருமே நம்பர் வன் என்றால் வாடிக்கையாளர் எதை வைத்துத் தெரிவு செய்வார்?

கடையில் வாய் மூடி இருந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புறக்கோட்டையில் பேசாமல் வியாபாரம் நடக்காது. அங்குள்ள சபை அப்படிப்பட்டது. எல்லாச் சபையும் புறக்கோட்டை அல்ல என்பதுதான் என் வாதம். பேசுவதற்கு ஓர் அளவும், நிறுத்துவதற்கு ஓர் இடமும் இருக்கின்றன. குறிப்பாக, விலையைச் சொன்ன பின்னர் அடுத்த வார்த்தை வாங்குபவருடையதாக இருக்க வேண்டும்.

அடுத்த வருடமும் அதே மனிதர் வந்தார். மாதிரியை வைத்தேன். இரண்டு நிமிடம் பேசினேன். விலையைச் சொல்லிவிட்டு நிறுத்திக் கொண்டேன். அந்த மௌனத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! நாக்கின் நுனிவரை ஒரு விலைக்கழிவு வந்து நின்றது. கடைசியில் அவர் ஈரப்பதனைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு 2 வீதம் குறைக்க முடியுமா என்றார். குறைத்தேன்.

அந்த 2 வீதம் அவர் கேட்டு நான் கொடுத்தது. முதல் வருடத்து 8 வீதத்தையோ யாரும் என்னிடம் கேட்கவில்லை.