ஓட்டை சிறுத்தால் படம் தெளியுமா?



"ஊசித்துளைக் காமிராவில் துளை சிறிதானால் படம் தெளிவாகும்." பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்தது. இதில் பாதிதான் உண்மை. மீதியைத் தெரிஞ்சுக்காமலே டிப்ளமோ முடித்துப் போகிறோமே, அதுதான் என் கவலை.

எங்கள் திருச்சுழிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் கூரை ஓட்டை எந்த வடிவமானாலும், உச்சி வெயிலில் தரையில் விழுவது வட்டம்தான். அது ஓட்டையின் படம் அல்ல, சூரியனின் படம்! பத்தடி உயரக் கூரை என்றால் சுமார் 28 மி.மீ., ஏறக்குறையப் பத்து ரூபாய்க் காசு அளவு.

ஓட்டை பெரிசானால் படம் மங்கும். சிறுசாக்கிக்கொண்டே போனால்? ஒளி ஓர் அலை. குறுகிய வாசலில் நுழைந்தால் விரிந்துவிடும். இதுதான் விளிம்பு விளைவு. ஆகவே நடுவில் ஒரு சரியான அளவு உண்டு. ராலே பிரபு சொன்ன கணக்கு இது: அலைநீளத்தையும் திரைத் தூரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9 ஆல் பெருக்குங்கள். 10 செ.மீ. டப்பாவுக்குச் சுமார் 0.45 மி.மீ. வரும். அதற்கும் கீழே போனால் படம் கெடும்.

லென்ஸ் அப்படியல்ல. வாய் அகலமாக இருந்தும் ஒளியை ஒரே புள்ளியில் கூட்டிவிடும். துவாரம் குவியத் தூரத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தால், நல்ல லென்ஸில் அந்தப் புள்ளி நூறில் ஒரு மி.மீ. நம்ம டப்பாவில் 0.3 மி.மீ.! அங்கே நூறில் ஒரு விநாடி வெளிச்சம் போதுமென்றால் இங்கே 8 விநாடி வேண்டும். ஆனால் லென்ஸின் துவாரத்தையும் ரொம்பச் சுருக்கினால் அதே விளிம்பு விளைவு வந்து நிற்கும்.

"ஏழைக்கு டப்பாவே போதும், லென்ஸும் அதுவும் ஒண்ணுதான்" என்று தட்டிக்கொடுப்பவர்கள் உண்டு. "லென்ஸ் இல்லாம என்னத்தைப் படிக்கிறது?" என்று கையைக் கட்டி உட்காருபவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு வேண்டியது ஆறுதல் இல்லை, அளவு!

ரெக்கார்டில் கதிர்ப்படம் வரைந்து கையெழுத்து வாங்கினால் போதுமா? முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் டப்பா, அலுமினியத் தாள், ஊசி, எண்ணெய்க் காகிதம் கொண்டு மூன்று அளவில் துளையிட வேண்டும். டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் துளையை அளக்க வேண்டும். எரியும் பல்பைப் பார்த்து ஒப்பிட வேண்டும். நம் சங்கம் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

எந்த இடத்தில் முடியாது, ஏன் முடியாது என்று கையால் அறிந்தவனிடம்தான் நாளைக்கு லென்ஸை நம்பிக் கொடுக்கலாம்.

செய்வோமா தோழர்களே?