பொம்மை வீட்டுப் பூக்கள்

பொம்மை வீட்டிற்குத் தாளால் பூச் செய்து வைக்கும் கலையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவார் உளர். கடுகளவு பூவிற்காக ஒரு மாலைப் பொழுதை இழப்பானேன் என்பது அவர்தம் வினா. பூவை உற்று நோக்காமலே செய்வார்க்கு அது வீண் வேலைதான். நோக்கிச் செய்வார்க்கோ, தாவர நூலின் முதற்பாடம் அதிலேயே தொடங்குகின்றது.

இங்கிலாந்தில் விண்ட்சர் அரண்மனையில் புகழ் வாய்ந்த பொம்மை வீடு ஒன்று உள்ளது. மேரி அரசியார்க்குப் பரிசாக 1921 முதல் 1924 வரை அஃது அமைக்கப்பெற்றது. புதுதில்லியை வகுத்தவருள் ஒருவராகிய எட்வின் லட்டியன்சே அதனையும் வகுத்தார். மாநகர் அமைத்த கை பொம்மை வீட்டை இழிவாகக் கருதவில்லை! மெய்யான வீட்டின் ஓர் அடி அங்கே ஓர் அங்குலம். அடியிலுள்ள இழுப்பறையை இழுத்தால் தோட்டம் ஒன்று வெளிப்படும். தோட்டக் கலையில் பெயர் பெற்ற கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் திட்டமிட்ட தோட்டம் அது.

பன்னிரண்டில் ஒரு பங்காகிய இவ்வளவையே பொம்மை வீடு செய்வோர் பலரும் பின்பற்றுகின்றனர். 8 செ.மீ. அகலமுள்ள ரோசாப்பூ இக்கணக்கில் 7 மி.மீ.க்கும் குறைந்துவிடும். ஆயின், பூ சிறுத்தாலும் தாளின் கனம் சிறுப்பதில்லை. எழுதும் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; பொம்மை வீட்டில் அது 1.2 மி.மீ. கனமுள்ள இதழுக்கு ஒப்பாகும். அத்தகைய ரோசா அட்டையில் வெட்டியதாகவே தோன்றும். ஆதலின், தேர்ந்தவர் மிக மெல்லிய தாளையே நாடுவர். அதன் இருபுறமும் வண்ணம் பூசி உலர்த்திய பின்னரே வெட்டுவர். வெட்டியபின் பூசினால் சிறு இதழ் ஈரத்தில் சுருண்டு கெடும். பின்னர், இதழை மெத்தென்ற துணிமேல் இட்டுக் குண்டூசியின் தலையால் நடுவே மெல்ல அழுத்துவர். தட்டையாய்க் கிடந்த தாள் கிண்ணம்போற் குழியும். இவ்வொரு செயலே தாளைப் பூவாக்குகின்றது எனின் மிகையாகாது. பசையை ஊசி முனையால் இடுதல் வேண்டும்.

கை வேலையினும் அரியது, எதனை விடுவது என்னும் தெளிவு. செம்பருத்தியைக் காண்க. ஐந்து இதழ், நடுவே நீண்டு நிற்கும் தண்டு, அதன்மேல் மகரந்தப் பைகள், நுனியில் ஐந்து சிறு கிளைகள். ஒரு செ.மீ. அகலமே உள்ள பூவில் இவையனைத்தையும் காட்டவியலாது. நுனிக் கிளைகளை விடலாம். பைகளுக்கு மாற்றாக, நூலின் முனையைப் பசையில் தோய்த்து மஞ்சட்பொடியில் புரட்டினால் போதும். தண்டையே விட்டுவிட்டாலோ அது செம்பருத்தியன்று. இதனை அறிவதற்கு மலரையன்றி வேறு ஆசான் ஏது?

மேரி டிலேனி என்னும் ஆங்கில அம்மையார் இவ்வழியிலேயே சென்றார். 1700இல் பிறந்த அவர், 1772இல், தம் 72ஆம் வயதில், ஜெரேனியப் பூவின் நிறத்தை ஒத்த தாளொன்றைக் கத்தரித்தார். கண்ட தோழியார் மெய்யிதழ் என்றே மயங்கினாராம். அதன்பின் பத்தாண்டு, கண்ணொளி மங்கும் வரை, ஆயிரத்துக்குச் சற்றே குறைந்த தாள்மலர்களை ஒட்டினார். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. இயற்கை அளவில் அமைந்த அவை பொம்மை வீட்டுக்குரியன அல்ல. எனினும், செடியை முன்வைத்துப் பார்த்து வெட்டிய முறை ஒன்றே.

இந்நாளில் பொறியால் வெட்டிய இதழ்கள் விலைக்குக் கிடைக்கின்றன. கை நடுங்கும் முதியோர்க்கு அவை நல்ல துணை, பழித்தல் தகாது. ஆயினும், ஒரே அச்சில் வந்த ஐந்து பூக்கள் ஒரே திசை நோக்கி நின்றால் எவர் நம்புவர்? ஒன்றன் காம்பை வளைத்தல் வேண்டும். மற்றொன்றை அரும்பாகவே விடல் வேண்டும். ஓர் இலையின் ஓரத்தைச் சிறிது பழுப்பாக்கலாம். சாடியின் அடியில், மேசைமேல், உதிர்ந்த இதழ் ஒன்றை இட்டு வைத்தலும் நன்று.