ஐஸ்கிரீம் மீது மட்டும் ஏன் கோபம்?

ஐஸ்கிரீமையும் குப்பைப் பையையும் போக்கிமான் ஆக்கிவிட்டார்கள், கற்பனை வற்றிவிட்டது என்று 2010இல் வந்த ‘பிளாக்’, ‘ஒயிட்’ போக்கிமான் வீடியோ விளையாட்டுகளை இன்றும் சாடுகிறார்கள். இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. 1996இன் முதல் தலைமுறைப் போக்கிமான்களைப் பாருங்கள்: வோல்டார்ப் கண் முளைத்த பந்து; மேக்னமைட் காந்தம் பூட்டிய உருண்டை; கிரைமர் வெறும் கழிவுச் சேறு. மூன்று டிக்லெட் சேர்ந்தால் டக்ட்ரியோ. இவற்றை மெச்சிக்கொண்டே ஐஸ்கிரீம் போக்கிமானான வானிலைட்டை வைவது நியாயமல்ல.

குப்பைப் பையும் தொழிற்சாலைக் கழிவும் வேதிவினை புரிந்து பிறந்தது ட்ரபிஷ். நாம் எறிந்தது உயிர்பெற்று நம் முன் நிற்கிறது. அதில் கற்பனையும் உண்டு, கண்டனமும் உண்டு.

விமர்சனம் தேவைதான். உருவம் தெளிவா, நிறம் பொருந்துகிறதா, குணம் தெரிகிறதா என்று கேளுங்கள். பிறந்த ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.