கிளட்ச் தூசி யார் நெஞ்சுக்குள்ள போகுது?

டிராக்டர் வாங்கும்போது எத்தனை எச்.பி., டீசல் எவ்வளவு குடிக்கும், தவணை எத்தனை வருஷம்னு எல்லாம் கேட்போம். கிளட்ச் பிளேட் எதுல செஞ்சதுன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை. கட்டாயம் கேட்கணும்னு நான் சொல்றேன். டவுன்ல இருக்கிறவங்களுக்கும் இது சேர்த்திதான். கியர் போட்டு ஓட்டுற கார் வச்சிருந்தா, அதுலயும் இதே மாதிரி தட்டுதான் இருக்கு.

இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல் சுத்திக்கிட்டே இருக்கும். கியர் பக்கம் ஒரு தண்டு. ரெண்டுக்கும் நடுவுல வட்டமா ஒரு தட்டு. பெடல்ல இருந்து காலை எடுத்தா, பிரஷர் பிளேட் அந்தத் தட்டை ஃப்ளைவீலோட சேர்த்து அமுக்கும். பல்லும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. உராய்வு ஒண்ணுதான் மொத்த இழுவையையும் தாங்குது. வண்டி கிளம்பும்போது தட்டு கொஞ்சம் வழுக்கி, அப்புறம்தான் கவ்வும். சூடும் தேய்மானமும் அந்த வழுக்கல்லதான். சேத்துழவுல ஒவ்வொரு வரப்பு ஓரத்துலயும் திருப்பும்போது கிளட்சை மிதிச்சாகணும். சில டிரைவர்கள் காலை பெடல் மேலேயே வச்சிருப்பாங்க. கிண்டி நெரிசல்ல நீங்க ஹாஃப் கிளட்ச்ல ஊர்றதும் இதே கதைதான்.

தட்டோட ரெண்டு பக்கமும் ரிவெட் அடிச்சு ஒட்டியிருக்கிற வளையத்தை லைனிங்னு சொல்வோம். அதுகிட்ட நாம எதிர்பார்க்கிறது ஒண்ணுக்கொண்ணு முரண். நல்லா கவ்வணும், ஆனா வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. சூட்டைத் தாங்கணும், ஆனா ஃப்ளைவீலைத் தின்னக் கூடாது. தேய வேண்டியது லைனிங்தான். ஒரே பொருள்ல இதெல்லாம் கிடைக்காது. அதனால நார், பித்தளை அல்லது செம்புக் கம்பி, ரப்பர், பிசின் எல்லாம் கலந்து, அழுத்திச் சூட்டுல வேக வச்சுச் செய்றாங்க. நம்ம முந்திரிக்கொட்டைத் தோட்டுல எடுக்கிற எண்ணெய்கூட இந்தக் கலவைக்குப் பயன்படுது. உலோகப் பொடியைச் சுட்டுச் செஞ்ச பட்டன் பிளேட்டும் உண்டு. அது அதிகச் சூடு தாங்கும். ஆனா படக்குன்னு பிடிக்கும், அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸுக்குப் போகும். கெட்டியானதெல்லாம் நல்லதுன்னு கண்ணை மூடிக்கிட்டு மாத்தக் கூடாது.

அடுத்தது காடி. லைனிங் மேல நடுவுல இருந்து வெளிப்பக்கமா வெட்டியிருக்கிற கோடுகள். அழகுக்கு வெட்டினது இல்லை. பெடலை மிதிக்கும்போது தட்டு ஃப்ளைவீலோட ஒட்டிக்காம சட்டுன்னு விடுபடணும். ரெண்டு வழவழப்பான பரப்பு சேர்ந்து இருந்தா நடுவுல காத்து நுழையாம ஒட்டிக்கும். காடி காத்துக்கு வழி விடுது, சூட்டையும் கொஞ்சம் தணிக்குது. தேஞ்சு உதிர்ற தூசி நடுவுல தங்கினா வழுக்கும். சுத்துற வேகத்துல அது காடி வழியா வெளியே போயிடும். பைக்கோட கிளட்ச் பெரும்பாலும் எண்ணெய்க்குள்ளயே இருக்கும். அங்க காடியும் இடைவெளியும் எண்ணெய்ப் படலத்தை விலக்கித் தட்டைக் கவ்வ வைக்குது, அந்த எண்ணெயே சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகுது.

காடி தூசியை வெளியே தள்ளுதுன்னு சொன்னேன் இல்லையா, வெளியேன்னா எங்க? பெரும்பகுதி கிளட்ச் கூட்டுக்குள்ளேயே கரிப்பொடியா தங்கியிருக்கும். பிளேட் மாத்தக் கழட்டுறப்ப, பட்டறையில வேலை செய்ற பையன் கம்ப்ரஸர் குழாயை வச்சு புஸ்ஸுன்னு ஒரு ஊது ஊதுவான். எல்லாம் அவன் மூஞ்சியிலதான்.

அந்த நாரு எந்த நாருங்கிறதுதான் என் கவலை. ரொம்ப காலம் கிளட்ச் லைனிங்லயும் பிரேக் லைனிங்லயும் போட்டது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். சூடு தாங்கும், விலை குறைவு. ஆனா எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உராய்வுச் சூட்டுல பெரும்பகுதி மாறிப் போனாலும் மிச்சம் இருக்கும். புது லைனிங்கைத் துளை போட்டாலோ அரம் வச்சுத் தேய்ச்சாலோ பச்சை நாரே பறக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தடை பண்ணிடுச்சு. அமெரிக்கா 2024-ல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை ஆணை போட்டுச்சு. நம்ம நாட்டுல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி பண்ணவும் பயன்படுத்தவும் தடை இல்லை.

1995-ல உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்குல, தொழிலாளியோட உடல்நலம் வாழும் உரிமையில சேர்ந்ததுன்னு தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியோட மருத்துவப் பதிவேட்டை வேலையில சேர்ந்ததுல இருந்து குறைஞ்சது 40 வருஷம் வச்சிருக்கணும்னும் சொன்னது. ஏன் 40 வருஷம்? இந்த நோய் 20, 30, 40 வருஷம் கழிச்சுத்தான் தலை காட்டும். "இத்தனை நாளா ஊதுறோம், ஒண்ணும் ஆகலையே"ங்கிற பேச்சு அதனாலதான் செல்லாது. கம்பெனித் தொழிலாளிக்குப் பதிவேடுன்னு ஒண்ணாவது சட்டத்துல இருக்கு. ரோட்டோரப் பட்டறைப் பையனுக்கு என்ன இருக்கு?

மருந்து அடிக்கும்போது மூஞ்சியில துணி கட்டாத நீங்க இதைப் பேசலாமான்னு கேட்பீங்க. அந்தக் கேள்வியும் நியாயம்தான். மருந்தாவது மூக்குல ஏறி நாத்தத்துலயே எச்சரிக்கும். இந்தத் தூசிக்கு வாசனையும் கிடையாது, எரிச்சலும் கிடையாது.

சட்டம் வர்றப்ப வரட்டும். காசு கொடுக்கிற நாம இப்பவே செய்யக்கூடியது மூணு. பிளேட் வாங்கும்போது அட்டைப்பெட்டியில ஆஸ்பெஸ்டாஸ் இல்லைன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க; அந்த மாதிரி நல்ல பிளேட் கடையிலேயே கிடைக்குது. பழைய வண்டியைப் பிரிக்கும்போது, "தம்பி, காத்து அடிக்காதப்பா, ஈரத்துணியில துடைச்சு எடு"ன்னு சொல்லுங்க. துடைச்சுக் காயவிடக் கூடுதலா அரை மணி நேரம் ஆகும், அதுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்க. துடைச்ச துணியை உதறாம, ஈரத்தோடயே பையில கட்டிப் போடச் சொல்லுங்க. கைக்குட்டை கட்டிக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, அந்த நாரு அதுக்குள்ள சுலபமா நுழையும்.

பிளேட்டுன்னா தேயத்தான் செய்யும், தேயறதுதான் அதோட வேலை. அந்தத் தேய்மானம் ஒரு பையனோட நெஞ்சுல போய்ச் சேரணும்னு எந்த விதியும் இல்லை.