மாவுப்பூச்சியின் மெழுகுச் சட்டை

கேள்வி: ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, நகையை அடகு வைத்து நட்டது. குருத்தெல்லாம் மாவுப்பூச்சி. மூன்று முறை மருந்து அடித்தும் போகவில்லை. இரண்டு மருந்தைக் கலந்து இரட்டிப்பாக அடிக்கச் சொல்கிறார்கள். போன முறை அடித்த அன்று வீட்டுக்காரருக்கு வாந்தி, தலைச்சுற்றல். என்ன செய்யலாம்?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அவரை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் கொண்டு போங்கள். இரட்டிப்பு அளவும் கலவையும் வேண்டவே வேண்டாம்.

மருந்து ஏன் பலிக்கவில்லை? எல்லாப் பூச்சிகளின் தோல் மீதும் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. வெயிலில் உடல் நீர் வற்றாமல் காப்பது அதுதான். அதைச் செய்யும் வேலை மரபணுவில் எழுதியிருக்கிறது. பழ ஈயில் அத்தகைய ஒரு மரபணுவின் வேலையைக் குறைத்துப் பார்த்தார்கள். ஈக்களின் தோலில் மெழுகு குறைந்தது, நீர் வற்றி விரைவில் செத்தன. இந்த முடிவு 2012இல் வெளியானது.

மாவுப்பூச்சிக்கு அதற்கு மேல் இன்னொரு சட்டை. உடலில் உள்ள நுண்துளைகள் வழியே மெழுகு வெளியேறி வெள்ளை மாவாகப் படிகிறது. மழைநீர் போலவே மருந்துநீரும் அதில் உருண்டு ஓடிவிடும். முட்டைகளும் அந்த மெழுகுப் பஞ்சுக்குள்தான்.

மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்? ஆப்பிரிக்காவில் பூச்சிமருந்துக்குச் சாகாத மலேரியா கொசுக்களை ஆராய்ந்தபோது, அவற்றின் தோல் தடித்தும் மெழுகுப் பொருள் கூடியும் இருந்தது. தாங்குவது பிழைக்கிறது, அதன் வாரிசுதான் பெருகுகிறது. மரவள்ளி மாவுப்பூச்சியிலோ ஆணே தேவையில்லை. தாய் எப்படியோ மகளும் அப்படியே. போதாக்குறைக்கு, நன்மை செய்யும் குளவிகளை மருந்து முதலில் கொன்றுவிடும்.

இனி செய்ய வேண்டியது:

1. சுருண்ட குருத்துகளைக் கிள்ளி, பையில் கட்டி எடுத்து வந்து எரியுங்கள். வரப்பில் போடாதீர்கள்.

2. வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 20 மி.லி., சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். சோப்பு இருந்தால்தான் கரைசல் மெழுகில் ஒட்டும். இளங்குஞ்சுகள் மேல் மாவு குறைவு. அவை ஊரும் காலமே தெளிக்க ஏற்றது.

3. மாவைத் துடைத்துப் பாருங்கள். உடல் இளஞ்சிவப்பு என்றால் மரவள்ளி மாவுப்பூச்சியாகவும், மஞ்சள் என்றால் பப்பாளி மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் குளவி வேறு வேறு. 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டு ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்த குளவிதான் முதலாவதற்கு. அது 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலும் விடப்பட்டது. பூச்சியோடு ஒரு குருத்தை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டி, குளவி கேளுங்கள்.

4. பழுப்பாக உப்பி, துளை விழுந்த பூச்சிகள் தெரிந்தால் குளவி ஏற்கனவே வந்துவிட்டது என்று பொருள். அப்புறம் மருந்தே கூடாது.

5. அடுத்த நடவுக்கு இந்த வயலில் கரணை எடுக்காதீர்கள். பூச்சி அதோடுதான் ஊர் விட்டு ஊர் போகிறது.

ஒரே வாரத்தில் சுத்தமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்காவது மருந்துக்கான காசும், அவர் உடம்பும் மிஞ்சும்.