பழவேற்காடு போகும் ட்ரெக்கிங் நண்பர்களே, உங்கள் பையில் ஒன்று குறைகிறது

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை.

என் கிளினிக்கில் இரண்டு இளைஞர்கள் காத்திருந்தார்கள். ஒருவருக்கு உள்ளங்காலில் வெட்டு. சிப்பி ஓடு கிழித்த காயம். நான் முந்தைய நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

"ஏழாயிரம் குடுத்தேன்டா இந்த ஷூவுக்கு. வாட்டர்ப்ரூஃப்னான். சேறு உள்ள போச்சு, வெளிய வரவே மாட்டேங்குது."

"நான்தான் சொன்னேன்ல, தண்ணி வழியிற மாதிரி மெஷ் வெச்சது வாங்குன்னு. நீ கேக்கல."

அப்புறம் பேச்சு ஹைட்ரேஷன் பேக், ஹெட்லாம்ப், ஆக்‌ஷன் கேமரா, எந்தக் கடையில் தள்ளுபடி என்று போனது. சனி இரவு பைக்கில் கிளம்பி, விடியற்காலை பழவேற்காட்டில் கடலோரமாக நடந்து, பிறகு ஏரியில் படகில் போய்ப் பூநாரை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

காயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"போட்ல எத்தனை பேர் போனீங்க?"

"பதினாலு பேர் சார். செம்ம எக்ஸ்பீரியன்ஸ்."

"லைஃப் ஜாக்கெட்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தண்ணி இடுப்பளவுதான் சார் இருக்கும்..."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

ஊர் சுற்றுவது, மலை ஏறுவது, மணலில் பத்து கிலோமீட்டர் நடப்பது எல்லாம் மிக நல்ல பழக்கம். நீரிழிவையும் ரத்தக் கொதிப்பையும் தினம் தினம் பார்க்கும் மருத்துவனாக, நீங்கள் நடக்கிறீர்கள் என்றாலே எனக்கு மகிழ்ச்சி. "போகாதீர்கள்" என்று சொல்ல வரவில்லை. போங்கள். சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இப்படி ஓர் இடம் கிடைத்திருப்பது நமக்கு வரம்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஒரு பக்கம் ஆரணி ஆறு வந்து சேர்கிறது, பக்கிங்ஹாம் கால்வாய் வந்து கலக்கிறது, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சமும் அவர்கள் கல்லறைத் தோட்டமும் இன்னும் ஊருக்குள் இருக்கின்றன. கல்லறைக் கற்களில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்க்காமல் வராதீர்கள். (எலும்பைப் பார்த்தால் நிற்பது எனக்குத் தொழில் புத்தி.)

சரி, "இடுப்பளவு தண்ணி"க்கு வருவோம்.

அந்த இளைஞர் சொன்னது பொய்யில்லை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்.

அதே ஏரியில்தான் 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சுற்றுலா போன சுமார் 25 பேர் இருந்த படகு கவிழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒரே குடும்பத்துச் சொந்தங்கள். குழந்தைகளும் அதில் உண்டு. லைஃப் ஜாக்கெட் இல்லை.

சராசரி என்பது ஏமாற்றுக் கணக்கு. ஏரி முழுக்க ஒரே ஆழம் கிடையாது. படகு போகும் கால்வாய்ப் பகுதியும் கடலோடு சேரும் முகத்துவாரமும் ஆழமானவை. தண்ணீர் வற்றும் நேரத்தில் அவ்வளவு பெரிய ஏரியின் நீர் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு இழுக்கும். அந்த இழுப்பில் நன்றாக நீந்தத் தெரிந்தவரே திணறுவார்.

சரி, கவிழ்ந்த இடம் ஆழமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடியில் சேறு. கால் ஊன்றினால் முட்டி வரை உள்ளே போகும், பிடுங்க முடியாது. மேலே கவிழ்ந்த படகு. பக்கத்தில் பயத்தில் உங்கள் கழுத்தைக் கட்டிப் பிடிக்கும் இன்னொருவர். முதுகில் மார்புப் பட்டை, இடுப்புப் பட்டை எல்லாம் இறுக்கிக் கட்டிய பை. காலில் சேறு அப்பிய ஏழாயிரம் ரூபாய் ஷூ. இந்த நிலையில் இடுப்பளவு தண்ணீரே போதும்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் "காப்பாத்துங்க" என்று கத்த மாட்டார். கத்துவதற்கு மூச்சு வேண்டும். அவருக்கு உள்ளே இழுக்கவே மூச்சு கிடைக்காது. கையை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது, கை தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனாலே மூளை செல்கள் சாகத் தொடங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த விபத்துக்கு முந்தைய வருடம், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நானும் அதே ஏரியில் படகில் போனேன். ஜாக்கெட் கிடையாது. சின்னவளுக்கு அப்போது நாலு வயது. பூநாரைக் கூட்டம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றோம். படகு சாய்ந்தது. படகுக்காரர் "உக்காரு, உக்காரு, அல்லாரும் உக்காரு" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தோம். நான் மருத்துவன். எனக்கு நீச்சலும் தெரியாது.

அடுத்த வருடம் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை.

"மீனவங்களே ஜாக்கெட் போடறதில்லையே டாக்டர்?" என்று கேட்பீர்கள். இது எல்லோரும் கேட்கும் கேள்வி. அவர் அஞ்சு வயதில் அந்தத் தண்ணீரில் இறங்கியவர். எங்கே மணல், எங்கே சேறு, எங்கே பள்ளம் என்பது அவர் காலுக்குத் தெரியும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கே பெயர் வைத்துப் பேசுகிறவர். நமக்கு காற்று என்றால் ஃபேன் ஸ்பீடு. அவரை வைத்து நம்மை அளக்கக் கூடாது. அதோடு, அவரும் போட்டுக்கொண்டால் நல்லதுதான். கடலில் இறக்கும் மீனவர் கணக்கு சின்னதில்லை.

ஜாக்கெட் போட்டால் மட்டும் போதாது, சரியாகப் போட வேண்டும். எல்லா பக்கிளையும் மாட்டி இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது லூஸ். தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், ஆள் நழுவிவிடுவார். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் ஆகவே ஆகாது. படகில் ஏறியதும் பையைக் கழற்றிக் கீழே வையுங்கள். போட்டோவுக்கு எழுந்து நிற்காதீர்கள்.

ஜாக்கெட் கேட்டு "இல்லை" என்றால் ஏறாதீர்கள். 2011-க்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். ஆகவே அனுமதி உள்ள படகுதானா என்று முதலில் கேளுங்கள். திருட்டுத்தனமாகப் போகும் படகில் உங்களுக்கு ஒன்று நடந்தால், கரையில் இருப்பவருக்கு நீங்கள் போனதே தெரியாது.

இதில் அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் கருகினார்கள். அதன் பிறகு மலையேற்றம் முழுமையாக நிற்கவில்லை. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. முன்பதிவு உண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உண்டு. காட்டோர மக்களுக்கு வருமானமும் ஆயிற்று.

தண்ணீருக்கும் இதே போல் ஏன் செய்யக் கூடாது? தடை போட்டால் ஆசை நிற்பதில்லை, மறைவாகப் போகிறது. பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயிர்காப்புப் பயிற்சி, படகுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு, ஆளுக்கொரு ஜாக்கெட், உரிமம். முகத்துவாரம் அடைத்து மீன்பாடு குறையும் மாதங்களில் அவர்களுக்கும் அது கைகொடுக்கும். ஒழுங்கு என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்து மீன்பிடிக்கும் 'பாடு' வழக்கம் அந்த ஏரியில் தலைமுறைகளாக இருக்கிறது. நீங்கள் ட்ரோன் விடுவதற்காக மிதித்துக்கொண்டு போகும் கம்பும் கயிறும் ஒரு குடும்பம் முறை காத்துப் போட்ட வலையாக இருக்கலாம். பார்த்து நடங்கள். ட்ரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அது பறவைகள் சரணாலயம்.

இனி மருத்துவம். இதை மட்டுமாவது சேமித்து வையுங்கள்.

நீரிலிருந்து தூக்கியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எதுவும் வேண்டாம். நேரம் வீண், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும். மல்லாக்கப் படுக்கவையுங்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள். மூச்சு இருந்து நினைவில்லை என்றால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். மூச்சே இல்லை என்றால், மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் 2 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 ஊதல். இப்படியே தொடருங்கள். மாரடைப்பில் அழுத்தம் முதலில், மூழ்கியதில் மூச்சு முதலில். இந்த வித்தியாசம் முக்கியம். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். பொன்னேரியே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வரும் வரை நீங்கள்தான் டாக்டர்.

பிழைத்து எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம்.

திருக்கை குத்தினால் உயிர் போகிற வலி. தாங்கும் அளவு சூடான தண்ணீரில், அடிபடாத கையால் சூடு பார்த்துவிட்டு, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வையுங்கள். வலி வெகுவாகக் குறையும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு. கலங்கிய தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தேய்த்து நடந்தால், திருக்கை தானே விலகிப் போகும்.

கடல்பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. பிறகு உடம்பு முழுக்க சதை வலி, தாடை இறுகுவது, சிறுநீர் கோலா நிறத்தில் போவது. நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்குத்தான். கடல்பாம்புக்கு அதில் முறிவு இல்லை. சிறுநீரகத்தையும் மூச்சையும் காப்பாற்றும் வசதியுள்ள மருத்துவமனை வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எந்தப் பாம்புக்கும் வேண்டாம்.

(அந்த நாலு பாம்பின் விஷத்தை எடுத்துத் தருவதில் பெரும் பங்கு, 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. பழவேற்காட்டுச் சேற்றில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறார்களே, அந்தப் பெண்களும் இருளர்தான். அவர்களை போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.)

கடைசியாக, அந்த இளைஞரின் சிப்பிக் காயம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற கிருமி வாழ்கிறது. நீரிழிவு, கல்லீரல் நோய், தினசரி குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் கால் வீங்கி, கொப்பளம் கட்டி, ரத்தத்தில் கலந்துவிடலாம். நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு பரவினால் அன்றைக்கே மருத்துவரிடம் போய் "உப்பங்கழியில் அடிபட்டது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் சரியான ஆன்டிபயாடிக் கொடுப்பார்.

அந்த இளைஞருக்கு நீரிழிவு இல்லை. தப்பித்தார்.

கட்டுப் போட்டு முடித்ததும் கேட்டார், "சார், அப்ப எந்த ஷூ வாங்கலாம்?"

சேற்றுக்குப் பட்டை வைத்த பழைய சாண்டல் போதும் என்றேன். ஏழாயிரத்தில் நல்ல லைஃப் ஜாக்கெட் எத்தனை வரும் என்று அவர் நண்பர் அங்கேயே போனில் தேடிக்கொண்டிருந்தார்.