மழைக்கு ஒரு பறை

ஃபைபர் பறையைப் பார்த்தால் நம் ஊர் ரசிகர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "தோல் எங்கே சார்? பிளாஸ்டிக்கைப் போய்க் கட்டி வெச்சிருக்கான். தமிழன் கலையே போச்சு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் பறை பழகுகிறவர், அல்லது அதை நின்று வேடிக்கை பார்க்கிறவர். அவருடைய பறை மழையில் நனைந்ததே கிடையாது. தூறல் போட்டால் வகுப்பு ரத்து.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கமோ, அரூர் பக்கமோ ஒரு சாவுக்கு அடிக்கப் போகிற கலைஞருக்கு அந்த வசதி இல்லை. சாவு பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. ஐப்பசி அடைமழையிலும் பாடை கிளம்பத்தான் செய்யும். சேற்றில் நடக்க வேண்டும். காலடியில் சரவெடி வெடிக்கும். போதை ஏறிய மச்சான் ஒருவர் ஆடிக்கொண்டே வந்து பறை மேலேயே சாய்வார். மயானம் போய்ச் சேரும்வரை அடி நிற்கக் கூடாது.

தோல் பறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இதில் உள்ள சங்கடம் புரியும். வேப்ப மரத்தில் வளைத்த சட்டங்களை இணைத்து ஒரு வட்டம். அதன் மேல் பதப்படுத்திய மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிக் காய வைப்பார்கள். அடிப்பதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டுவார்கள். தோல் இறுகும், நாதம் எழும். ஈரம் பட்டால் கதை தலைகீழ். தோல் தொய்யும், 'கணீர்' என்றது 'சொத்' என்று ஆகிவிடும். மறுபடி காய்ச்ச வேண்டும். கொட்டுகிற மழையில் எங்கே போய் வைக்கோல் கொளுத்துவது?

சத்தம் குறைந்தவுடன் சாவு வீட்டுக்காரர் என்ன சொல்வார் தெரியுமா? "என்னப்பா, மேளம் அடிக்கிறீங்களா, கோணியத் தட்டுறீங்களா?" என்பார். பேசிய காசில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். தமிழ்க் கலையின் தூய்மைக்காகக் கூடுதலாக நூறு ரூபாய் யாரும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் இரண்டாவதாக ஒரு பறை. விலை குறைந்தது, ஃபைபர் முகம் போட்டது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கலப்படம் இல்லை, தேய்மானக் கணக்கு. நல்ல தோல் பறை ஒரு கலைஞனின் முதல். அதை ஒவ்வொரு மழைக்கும் சேற்றுக்கும் எடுத்துப் போனால் அவன் சாப்பிடுவது வருமானத்தை அல்ல, முதலை. கம்பெனிக்காரன் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதி வரிச்சலுகை வாங்குகிறான். பறை அடிப்பவனுக்கு எந்த ஆடிட்டர் எழுதித் தருவார்?

வெளிநாட்டுக் கதையையும் பார்ப்போம். டபுள் பேஸ் என்று ஆள் உயரத்துக்கு ஒரு தந்தி வாத்தியம் உண்டு. அமெரிக்காவில் கே என்ற கம்பெனி 1937-லிருந்து அதை ஒட்டுப் பலகையில் செய்து விற்றது. பள்ளிக்கூடத்திலும் நடன அரங்கிலும் அடிபட்டு இடிபட்டு உழைத்தது அந்த மலிவு வாத்தியம்தான். 1957-ல் ரெமோ பெல்லி என்ற டிரம்ஸ் கலைஞர் கன்றுத்தோலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் படலத்தில் டிரம் முகம் செய்து விற்கக் கம்பெனி தொடங்கினார். ஈரத்தில் தொய்யும் தோலோடு அவர்களும் மல்லுக்கட்டியவர்கள்தான். ஜாஸ் செத்துவிட்டதா என்ன?

இன்னொன்று. 2009 ஜனவரி 20, ஒபாமா பதவியேற்பு. யோ யோ மாவும் இட்சாக் பெர்ல்மனும் வாசித்தார்கள். கடுங்குளிரில் சுருதி நிற்காது என்று, முன்கூட்டியே பதிவு செய்ததைத்தான் ஒலிபெருக்கியில் விட்டார்கள். உலகம் அதை மன்னித்துவிட்டது. பென்னாகரத்துக் கலைஞர் 'டேப்' போட்டால் விடுவோமா?

ஃபைபரும் தோலும் ஒன்றே என்று நான் வாதாடவில்லை. ஃபைபரில் அடிநாதம் குறைவு, சத்தம் கூர்மையாகக் காதைக் குத்தும். காய்ச்சிய தோலின் ஆழம் அதில் வராது. அதனால்தான் அது இரண்டாவது பறை. மேடைக்கும் போட்டிக்கும் தோல், மழைக்கும் மயானத்துக்கும் ஃபைபர். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யாராவது களை எடுப்பார்களா?

ஆனால் மலிவு என்று கண்டதையும் தலையில் கட்டுகிற வியாபாரிகளும் இருக்கிறார்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது பெயின்ட்டையும் கொடி, சிங்கப் படங்களையும் அல்ல, வளையத்தை. இணைப்பு ஆடுகிறதா, தரையில் வைத்தால் வட்டம் சமமாக உட்காருகிறதா? பழைய பறையின் அளவிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கை தடுமாறும். திருகு வைத்து இறுக்கும் வகை என்றால், சைக்கிள் கடை ஸ்பேனருக்கு அடங்குகிற திருகா என்று பார்க்க வேண்டும். மாற்று முகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். கடைக்குள் அடித்தால் எந்தப் பறையும் முழங்கும். தெருவுக்கு எடுத்து வந்து, ஒருவரை அடிக்கச் சொல்லி, இருபது அடி தள்ளி நின்று கேளுங்கள். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. பழக்க தோஷத்தில் அதை நெருப்பில் காட்டினால் முகம் உருகிப் போகும்!

இந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. வாணியம்பாடியில், ஆம்பூரில் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்தால் 'தொழிலதிபர்'. அதே தோலைப் பறையில் கட்டுகிறவனைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தினோம். சாவுக்கு அடிப்பதே சாதி சுமத்திய வேலை, அதை விட்டொழியுங்கள் என்று தலித் இயக்கங்கள் போராடியதும் அதனால்தான். 2007-ல் சென்னை சங்கமம் பறையைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தது. 2025-ல் மதுரை வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள், நாமும் கைதட்டினோம். மகிழ்ச்சி. தோலைத் தொட்டதற்காக நேற்று தள்ளி வைத்த அதே சமூகம், தோலை விட்டதற்காக இன்று திட்டுகிறது. பறையை அடிப்பதா, விடுவதா, எதைக் கட்டி அடிப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் அதைத் தோளில் மாட்டுகிறவர்தான்.

தோல்தான் வேண்டும் என்கிறீர்களா? தாராளமாகக் கேளுங்கள். பேசும்போதே தோலுக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். மழை வந்தால் பந்தலுக்குள் கூப்பிட்டு நிறுத்துங்கள். காய்ச்ச வைக்கோலும், காய்கிற வரைக்கும் பொறுமையும் கொடுங்கள். அதற்கெல்லாம் மனசு வராதென்றால், குடையைப் பிடித்துக்கொண்டு பாடைக்குப் பின்னால் பேசாமல் நடங்கள். முன்னால் நனைந்துகொண்டு போகிறவருக்குத் தெரியும், எதை அடிப்பது என்று.